சிட்டுவின் காதில் வைத்த பஞ்சு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே சுகம். நீயும் மருமகளும் சிட்டுவும் சுகமா என்று கேட்டுவிட்டேன், கடிதத்துக்கு உண்டான மரியாதை அவ்வளவுதான், இனி வருவதெல்லாம் திட்டு. போனில் திட்டினால் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து முழுவதும் படி, படித்துவிட்டு மருமகளிடமும் கொடு, அவளுக்கும் இதில் பங்கு இருக்கிறது.

கார் பந்தயத்துக்குப் போய் மூன்று நாள் கூடாரம் போட்டுத் தங்கினோம் என்று படம் அனுப்பினாயே, அதைத்தான் சொல்கிறேன். கூடாரத்துக்கு மழை உறை, கேமராவுக்கு ஓர் உறை, அடுப்புக்குக் காற்றுத் தடுப்பு, மடக்கு நாற்காலியில் டம்ளர் வைக்கக்கூட ஒரு ஓட்டை, எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கியிருக்கிறாய். உன் கழுத்தில் பாட்டுக் கேட்கிற ஹெட்போன். உன் தோளில் நாலு வயதுக் குழந்தை, அவளுடைய இரண்டு காதிலிருந்தும் பஞ்சு எட்டிப் பார்க்கிறது. பின்னால் வேலியை ஒட்டி ஒரு கார் பறக்கிறது. கீழே, அப்பாவுக்கு நீ வைத்துவிடுவாயே அதே மாதிரி வைத்தேன் அம்மா, என்று எழுதியிருந்தாய்.

உண்மையைச் சொல்கிறேன், அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வரவில்லை, பெருமையாக இருந்தது. அப்பா பட்டறையில் பிரஸ் மெஷினில் தகடு அடித்த இருபத்தேழு வருஷமும், காலையில் சாப்பாட்டு டப்பாவை மூடிய கையோடு பஞ்சைக் கிள்ளி, எண்ணெயில் தொட்டு, உருட்டி, இரண்டு காதிலும் நான்தான் வைத்து அனுப்புவேன். நீ ஷூ மாட்டிக்கொண்டே வேடிக்கை பார்ப்பாய். பிள்ளை மறக்கவில்லையே என்று பூரித்துப்போய், போன செவ்வாய்க்கிழமை அப்பாவின் காது மெஷினுக்கு பேட்டரி மாற்றப் போன இடத்தில், அங்கே காது பரிசோதிக்கிற பெண்ணிடம் படத்தைக் காட்டினேன். எங்கள் வீட்டுப் பழக்கம் என்று வேறு சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிக் குழந்தையின் காதையே பார்த்தாள். பிறகு சொன்னாள், "பஞ்சு சத்தத்தை நிறுத்தாதும்மா. காதுல ஏதோ வெச்சிருக்கோம்னு ஒரு தைரியம் வரும், அவ்வளவுதான். அந்தத் தைரியத்துல இன்னும் கிட்டப் போய் நிப்பாங்க."

அங்கே ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. ஒரு போன் வாங்கப் பத்து நாள் படித்துப் பார்க்கிறவன் நீ, பெற்ற பிள்ளையின் காதுக்கு என்ன வேண்டும் என்று பத்து நிமிஷம் படிக்கவில்லை. பந்தயம் ரெண்டு மணி நேரம்தானே என்பாய். விடிந்ததிலிருந்து இன்ஜினை உறுமவிட்டுப் பார்க்கிறார்களே, அதை எதில் சேர்ப்பாய், கூடாரத்துக்குப் பக்கத்திலேயே ஜெனரேட்டர் ஓடியது என்று நீயேதான் சொன்னாய். ஊர் திரும்பிய மறுநாள் சிட்டு டிவியைச் சத்தமாக வை என்று அடம்பிடித்ததை மருமகள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் அப்பாவும் அப்படித்தான் ஆரம்பித்தார். வீடியோவில் சிட்டு பாட்டுப் பாடினால் அவர் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்து தப்பான இடத்தில் கை தட்டுகிறார், தாத்தா நான் பாடறதைக் கேக்கவே மாட்டேங்கறார் என்று அது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பட்டறை முதலாளியை நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது, எல்லாருக்கும் கம்பெனி பேர் போட்ட தொப்பி கொடுத்த மகராசனுக்கு, காதுக்கு ஒன்று கொடுக்கத் தோன்றவில்லை.

அடுத்த மாதமும் போகப்போகிறீர்களாம். வேண்டாம் என்றால் கேட்கிற பிள்ளையா நீ. அந்தப் பெண்ணிடம் கேட்டு எழுதி வந்ததைச் சொல்கிறேன், இதையாவது செய். சிட்டுவுக்குக் காதுக்குள் திணிக்கிறது எதுவும் வேண்டாம், காதை முழுசாக மூடும் மஃப் வேண்டும், குழந்தை அளவில், அவள் தலையில் மாட்டிப் பார்த்து வாங்கு. நடுவில் முடியோ தொப்பியோ கண்ணாடிக் காம்போ சிக்கினால் அந்த இடுக்கு வழியாகச் சத்தம் போய்விடுமாம். எவ்வளவு சத்தத்தைக் குறைக்கும் என்று பெட்டியில் ஒரு எண் போட்டிருக்கும், பொம்மை படத்தைப் பார்க்காமல் அதைப் பார். உன் பாட்டு ஹெட்போன் இதில் சேர்த்தியே இல்லை, பந்தயச் சத்தத்தை மீறிப் பாட்டு வைத்தால் காதுக்கு இரண்டு பக்கமும் அடி. உங்கள் இருவருக்கும் ஸ்பாஞ்ச் பிளக் போதும், மெல்லிசாக உருட்டி, மற்ற கையால் காதை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது உப்பும் வரை விரலை எடுக்கக் கூடாது. கூடாரத்தில் தூங்கும்போது இரண்டு பேரும் காதை அடைத்துக்கொள்ளாதீர்கள், குழந்தை கூப்பிட்டால் ஒருவருக்காவது கேட்க வேண்டும். வேலியை விட்டுத் தள்ளி உட்காருங்கள். அவள் மஃபைப் பிடுங்கிப் போட்டால் அன்றைக்குப் பந்தயம் அவ்வளவுதான், தூக்கிக்கொண்டு வெளியே வா.

நேற்று அலமாரியிலிருந்த பஞ்சு டப்பாவை எடுத்துக் குப்பையில் போட்டேன். அப்பா பார்த்துவிட்டு, நல்ல பஞ்சாச்சே, ஏன் போடறே என்றார். அந்தப் பெண் சொன்னது அவருக்குத் தெரியாது. பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தார், மெஷின் அவள் கையில் இருந்தது, இவர் வழக்கம்போலத் தலையாட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். உன் மேல் வந்த கோபத்தில் பாதி என் மேல் வர வேண்டியது, எனக்குத் தெரியும். இருபத்தேழு வருஷம் ஒரு நாள் தவறாமல் என் கையால் வைத்து, பத்திரமாகப் போய்வாருங்கள் என்று அனுப்பினேன். மெஷினை மாட்டிக்கொண்டாலும் அவருக்கு ஒன்று சொல்ல வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்த வேண்டும். இதை எப்படியடா கத்திச் சொல்வேன். பூச்சி அரித்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், காதும் கண்ணும் குறையாமல் நூறு வயது இருங்கள். சிட்டுவுக்குத் தாத்தாவும் நானும் முத்தம் கொடுத்ததாகச் சொல். இந்த வாரமே அவளைக் காது பரிசோதனைக்குக் கூட்டிப் போ. என்ன சொன்னார்கள் என்று தெரிந்த பிறகு போன் பண்ணு, அதற்கு முன்னால் பண்ணினால் எடுக்க மாட்டேன்.

இன்னும் கோபம் ஆறாத,
உன் அம்மா