அம்மாவுக்கு நினைவு தெளிவாகத்தான் இருக்கிறது

அன்புத் தம்பி ஒச்சோலா,

கிசுமுவில் மழை பிடித்துவிட்டது. அம்மா மீனும் உகாலிக் களியும் நன்றாகச் சாப்பிடுகிறாள்.

நேற்று வக்கீலிடம் போனோம். அம்மா தன் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தை யாருக்குத் தரப்போகிறாள் என்று அவர் கேட்டதும், அவள் தயங்காமல், "மொம்பாசால இருக்கானே என் மகன், அவனுக்குத்தான்" என்றாள். தினமும் அவளைக் குளிப்பாட்டுகிறவள் நான். நெஞ்சு எரிந்தது. "அம்மாவுக்கு இப்பல்லாம் நினைவு சரியில்லீங்க" என்று சொல்லிவிட்டேன்.

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு, "ஆமாங்க, எனக்கு எதுவும் நினைவுல நிக்கறதில்ல" என்றாள். அப்படியானால் யாருக்குமே அதிகாரம் தர முடியாது என்று வக்கீல் எங்களை அனுப்பிவிட்டார்.

வெளியே வந்ததும் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அந்தாளு முன்னாடி உன்னைப் பொய்க்காரியாக்க எனக்கு மனசு வரலடி" என்றாள்.

நாளை நானே போய் அவரிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன். நீ கிளம்பி வா.

உன் அக்கா