முதுகில் கோடு வராத இறால்கள்

மணக்குடி
20.1.2008

புனித அந்திரேயா துணை

அன்பு மருமகள் ரெஜிஷாவுக்கு ஆன்ட்ரூஸ் மாமா எழுதிக்கொள்வது. இங்க உங்க அம்மை, அத்தை, உன் கண்ணாடித் தொட்டி எல்லாரும் சுகம். மஸ்கட்டுல சூப்பர் மார்க்கெட் கவுண்டர்ல நின்னு நின்னு உனக்குக் கால் வீங்குதுன்னு அம்மை சொன்னா. சுடுதண்ணியில உப்புப் போட்டுக் காலை வை.

விஷயத்துக்கு வாறேன். உன் சிவப்பு இறால், அதான் முதுகுல வெள்ளைக் கோடு போட்டது, குஞ்சு பொரிச்சாச்சு. நான் பக்கத்துல போய் நின்ன பிறகுதான் பொரிச்சுது, அதையும் சொல்லணும். நீ சொல்லிக் குடுத்த மாதிரியே ரூம் லைட்டை அணைச்சிட்டு ஒரு மூலையில டார்ச் அடிச்சேன். தூசி மாதிரி அத்தனையும் வெளிச்சத்துக்குக் கூடி வந்துது. தொட்டி மீனு வாயைத் திறக்கதுக்குள்ள குவளையால கோரி நீல பிளாஸ்டிக் டப்புல விட்டாச்சு. ஒரு லட்சம் இருக்கும். உங்க அத்தை ஒரு நூறு இருக்கும்ங்கா. அவளுக்குக் கண்ணு பத்தாது.

தீனிக்கு நீ வச்சிட்டுப் போன ஆர்டீமியா முட்டையைக் குப்பியில உப்புத்தண்ணி விட்டுப் பொரிய வச்சேன். குப்பி முழுக்கப் பொடிப் பூச்சி. இதெல்லாம் எனக்குப் புதுசு இல்ல மக்கா. கத்தார்ல நான் இருந்தப்ப ஷேக்கே என்னைக் கேட்டுத்தான் மீன் வாங்குவாரு.

சூசை மகன் நாளைக்கு மஸ்கட் போறான், அவன் பெட்டியில இதை வச்சு விடுறேன். போன்ல பேசினா உங்க அம்மை பக்கத்துலயே நிப்பா. எனக்கு விரிவாப் பேச வராது.

உன் மாமா
ஆன்ட்ரூஸ் (முன்னாள் கத்தார்)


மஸ்கட்
1.2.2008

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அத்தையையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

லட்சமோ நூறோ, அது கணக்கில்லை மாமா. நீந்துவதை விட்டுக் கீழே இறங்கி நடக்கிற குஞ்சுதான் கணக்கு. நான் வளர்த்தபோது ஒன்றுகூட அதுவரை வரவில்லை. அதைப் பார்த்துத்தானே அம்மா என்னை இங்கே அனுப்பினார்கள்.

நான் கிளம்பும்போது அம்மா சொன்னது உங்கள் முன்னால்தான். இந்தத் தடவை குஞ்சு பிழைத்தால் நான் திரும்பி வந்து முன் அறையை எடுத்துக்கொள்ளலாம், வளர்த்து மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு விற்கலாம். பிழைக்காவிட்டால் தொட்டியைக் கொடுத்துவிட்டு இங்கேயே இன்னும் இரண்டு வருஷம். ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

விலங்கியல் படித்துவிட்டு சோப்புக்கும் பால்பொடிக்கும் பில் அடிக்கிறேன். எனக்கு வர வேண்டும் மாமா. அதனால் தயவுசெய்து கூட்டி எழுதாதீங்க. இருக்கிறதை எழுதுங்க.

டப்பில் தண்ணீர் மாற்றும்போது தெளிந்த கடல்தண்ணீர்தான் வேண்டும். மெல்லிய துணியில் இரண்டு தடவை வடிகட்டணும். உப்பு குறையக் கூடாது.

அன்புடன்
ரெஜிஷா


மணக்குடி
4.3.2008

புனித அந்திரேயா துணை

அன்பு மருமகளே,

கூட்டி எழுதாதீங்கன்னு எழுதியிருந்த. நான் எப்போ கூட்டினேன்? போகட்டும்.

உன் கடிதம் கைக்கு வரதுக்கு முன்னாலயே நான் தண்ணி மாத்தியாச்சு. கடலில்லாத தக்கலையில இருந்து அவளைக் கட்டி இந்தக் கரைக்கு வந்தவனுக்குக் கடல் என்ன தெரியும்ன்னு உங்க அத்தை இளக்காரம் பேசினா. கடல்ல உள்ளது அலை ஆடி ஆடி அலுத்த தண்ணி, எடுக்கப் போனா கால்சட்டையும் நனையும். அதனால நம்ம பொழிமுகத்துல, ஆறும் கடலும் சேருற இடத்துல, ரெண்டு கேன் நிறைச்சேன். ரெண்டு தண்ணிச் சத்தும் அதுல உண்டு. வடிகட்டல்ல. கஞ்சியை வடிச்சா சத்து எங்க போவும்? அதே கணக்குதான்.

ரெண்டு மூணு நாள் குஞ்சுகளைக் கண்ணுல காணல்ல. புதுத் தண்ணியில வெக்கப்பட்டு ஒளிஞ்சிருக்கும். பிறகு பார்த்தா ஜம்முன்னு நிக்குது. ஆள் குறைவுதான், ஆனா எல்லாம் வீரன். இப்போ ஒரு விரக்கடை நீளம். கீழ இறங்கி நடக்குது. நான் டப்பைத் தட்டினா வரிசையில வருது. கோடு மட்டும் வரல்ல. அதுக்கென்ன, எனக்கு மீசையே இருபத்திரண்டு வயசுலதான் வந்துது.

உங்க அம்மையைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். குனிஞ்சு நல்ல நேரம் பார்த்தா. பிறகு, வளந்திருக்குன்னு அவளுக்கு எழுதுங்க அண்ணான்னா. உங்க அம்மையே சொல்லியாச்சு, இனி என்ன? ஸ்டுடியோ பொன்னுலிங்கத்தை வரவழைச்சு எடுத்த போட்டோ இதோட இருக்கு. நீ வேலையை விட்டிட்டு வா.

உன் மாமா
ஆன்ட்ரூஸ்


மஸ்கட்
13.3.2008

அன்புள்ள மாமாவுக்கு,

போட்டோவை வெளிச்சத்தில் வைத்துப் பல தடவை பார்த்தேன். இது நம்முடைய சிவப்பு இறால் இல்லை. வெள்ளை இறால். பொழியில் வலை வீசினால் கிடைப்பது, நாம் மாங்காய் போட்டுக் குழம்பு வைப்பது.

நீங்கள் வடிகட்டாமல் ஊற்றிய தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத குஞ்சாக வந்திருக்கிறது. உப்பு குறைந்ததும் என் குஞ்சுகள் அப்போதே போயிருக்கும். நீங்கள் அவற்றைக் காணாமல் தேடிய நாளெல்லாம் அவை இல்லை.

உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது கூட்டி எழுதினதாகும். கொஞ்சம் உண்டு. ஆறிவிடும்.

திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்குப் போனில் சொல்ல முடியாது. தொட்டியை யார் கேட்டாலும் கொடுங்கள், பெரிய சிவப்பு இறால் இரண்டையும் பிரிக்க வேண்டாம். டப்பில் இருப்பதைப் பொழியில் விட்டுவிடுங்கள்.

ரெஜிஷா


மணக்குடி
18.3.2008

அன்பு மருமகளே,

உன் கடிதம் வந்துது. வெள்ளை இறாலோன்னு எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு. நீ கண்டுபிடிக்கியான்னு பார்த்தேன். படிச்ச படிப்பு வீண் போவல்ல.

நீ சொன்னபடி உங்க அம்மைட்ட கடிதத்தை வாசிச்சுக் காட்டினேன். மீன் கழுவிட்டு இருந்தா. தலை நிமிரல்ல. வாசிச்சு முடிச்ச பிறகு, எனக்குத் தெரியும் அண்ணான்னா. அன்னைக்கு டப்பைக் குனிஞ்சு பார்த்தப்பவே தெரியுமாம். பொழிக்கரையில பிறந்தவளுக்கு இறால் குஞ்சு தெரியாதான்னு என்னைத் திருப்பிக் கேக்கா.

பிறகு என்னத்துக்கு என்னை அப்படி எழுதச் சொன்னன்னு சண்டைக்கே போயிட்டேன். மக்கா, நீ என்னைத்தான பொய்யன்னு நினைப்ப. அதுக்கு அவ சொன்னதை அப்படியே எழுதுறேன், ஒரு சொல்லு கூட்டல்ல:

"அவளைப் போவச் சொன்னது நான். திரும்பி வான்னு சொல்ல எனக்கு வாய் வரல்ல. அந்த இறாலு சொல்லட்டும்ன்னு இருந்தேன்."

போன் பண்ணச் சொன்னேன். ரிசீவரை எடுத்துக் காதுல வச்சா, திருப்பி வச்சிட்டா. பேச முடியாதாம். சுயம்பு மகன் நாளைக்கு விமானம் ஏறுறான். திங்களுக்கு முன்னால இது உன் கையில இருக்கணும்ன்னு சொல்லியிருக்கேன். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுல என் பேரைச் சொல்லுன்னும் சொல்லியிருக்கேன்.

தொட்டியைக் குடுக்கல்ல. முன் அறையில கிடந்த கட்டிலை உங்க அம்மையே பின்னால இழுத்துப் போட்டா. டப்புல இருந்ததைப் பொழியில விட்டாச்சு, எல்லாத்தையும் இல்ல. குழம்பு எப்படி இருந்துதுன்னு எழுதினா நீ நம்பமாட்ட.

இதுக்குக் கீழ எழுதணும்ன்னு உங்க அம்மை பேனாவைப் பிடுங்குறா.

உன் மாமா
ஆன்ட்ரூஸ்

ரெஜிஷா, கையெழுத்துப் போடாதே. வா. கடல் தண்ணி இனி நான் எடுத்துத் தாரேன். மாமாவைத் தொட்டிப் பக்கம் விடாதே.
அம்மா