உள்ளே ஒரே தாள்தான் இருந்தது

என் ஆசை அம்மாவுக்கு,

ஆவுடை எழுதுகிறேன். நீ போய் நாற்பது நாளாகிறது. தம்பி டி.வி. வாங்கிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் தெருவே நம் வீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. நீ இருந்திருந்தால் எல்லாருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தே ஓய்ந்திருப்பாய். உன் சேலைகளை நான் இன்னும் பிரித்துக் கொடுக்கவில்லை, மனசு வரவில்லை.

இதையெல்லாம் சொல்லத்தான் உட்கார்ந்தேன் என்று நினைக்காதே. உன்மேல் எனக்கு ஆறாத கோபம் இருக்கிறது. செத்தவளிடம் சண்டை போடுகிறாளே என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

எனக்குப் பத்து வயது. தம்பி காய்ச்சலில் கிடந்து பிழைத்ததற்காக அப்பா அம்மனுக்கு நேர்ந்திருந்தார். தறிக்கூலி வாங்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைப்பார். சில்லறை சேர்ந்தால் நீதான் தாளாக மாற்றிக் கட்டுவாய். எண்பது ரூபாய் ஆகியிருந்தது. ஆடித் தபசுத் திருவிழா அன்று கோயில் உண்டியலில் போடுவதாக ஏற்பாடு.

தபசுக்கு முந்தின நாள் அந்த முடிப்பை நான் அவிழ்த்தேன். உள்ளே ஒரே ஒரு ஐந்து ரூபாய்த் தாள். அதை எடுத்துக்கொண்டு ரத வீதிக்கு ஓடினேன். இரண்டு தரம் ராட்டினம், குடிக்க ஒரு கலர் சோடா, சிவப்பு ரிப்பன், கூட வந்த ராஜத்துக்கு ஒரு டஜன் வளையல். சாமி காசு என்று தெரியும். தெரிந்துதான் எடுத்தேன். அந்தத் தப்பை நான் இன்றைக்கும் மறைக்கவில்லை.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு அப்பா முடிப்பை அவிழ்த்தார். வெறும் துணி. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நானே அழுதுகொண்டு சொல்லிவிட்டேன்.

“நாந்தாம்ப்பா எடுத்தேன். அஞ்சு ரூவா. உள்ள ஒரே தாள்தான் இருந்துச்சு.”

அப்போது நீ என்னை ஒரு நிமிஷம் பார்த்தாய். பிறகுதான் வாயைத் திறந்தாய்.

“அஞ்சு ரூவாயா? ஏட்டி, எம்பது ரூவாயயும் தொலச்சுட்டு அஞ்சுன்னா சொல்லுத? சாமி காசுட்டி அது!”

தெருவுக்கே கேட்டது. அடியும் நீதான் கொடுத்தாய். அப்பா அடிக்கவில்லை. மூன்று நாள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டார். “எம்மா ஆவுடை, மிச்சத்த எங்கன வச்சிருக்க? சொல்லு மக்கா, அப்பா ஒண்ணும் செய்ய மாட்டேன்.” நான் எதைச் சொல்வேன்? நான்காம் நாள் கேட்பதை விட்டுவிட்டார். மக்கா என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டார். அதுவரை கூலிக்காசு இருக்கும் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டுச் சாப்பிட உட்காருகிறவர், அதற்குப் பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டார். நீதான் பரிமாறினாய். பார்த்துக்கொண்டுதானே பரிமாறினாய்?

உன் பதினாறாம் நாள் காரியத்துக்குச் சங்கரலிங்கம் மாமா வந்திருந்தார். அப்பா இருந்தவரை வாசல்படி ஏறவிடாத உன் தம்பி. என் கதை அவருக்குத் தெரியாது. உன்னைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டு எல்லாரும் எழுந்துபோன பிறகு என்னிடம் அழுதார்.

“எங்கக்கா மாதிரி ஒருத்தி உண்டுமா? ஒரு ஆடித் தபசுக்கு ரெண்டு நா முந்தி, சீட்டாடி மொதலாளி ரூவாய விட்டுட்டு நிக்கேன். போலீசுல புடிச்சுக் குடுத்துருவேங்கான். சாமி முடிப்ப அவுத்து எழுவத்தஞ்சு ரூவாய எங்கையில வச்சா. எல்லாத்தையும் எடுத்தா அம்மனுக்கு ஆகாதுன்னு ஒரே ஒரு அஞ்சு ரூவாய மட்டும் திரும்ப முடிஞ்சு வச்சா. அத்தானுக்குக் கடைசி வரைக்கும் தெரியாதும்மா.”

சாப்பிட்ட இலையை எடுக்கிற சாக்கில் கொல்லைப்புறம் போய் நின்றேன்.

மாமாவைக் காப்பாற்றியதற்கு நான் உன்னைக் குறை சொல்லவில்லை. கூடப்பிறந்தவன், நீ வேறு என்ன செய்வாய்? அப்பாவுக்குப் பயந்தாய், அதுவும் புரிகிறது. அன்றைக்கு என்மேல் போட்டாய், சரி. ஒரு வாரம் கழித்துச் சொல்லியிருக்கலாம். நான் பெரியவளான பிறகு என்னிடம் மட்டுமாவது சொல்லியிருக்கலாம். நான் உண்மையைத்தான் சொன்னேன் என்று தெரிந்த ஒரே ஆள் நீதானே அம்மா!

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் அப்பா படுத்திருந்தாரே, அதுதான் எனக்குப் பொறுக்க முடியவில்லை. டீச்சர் வேலைச் சம்பளத்தில் ஒரு வருஷம் சேர்த்ததை மருந்துக்காகக் கொண்டுவந்து உன் கையில் கொடுத்தேன். அப்பா கட்டிலில் இருந்தபடி உன்னைக் கிட்டே கூப்பிட்டுக் கேட்டார். “இவளுக்கு ஏது இவ்ளோ ரூவா?” நான் காலடியில்தான் நின்றேன். நீ தலையைக் குனிந்துகொண்டு போர்வையைச் சரிசெய்தாய். அப்போது மாமாவுக்கு வேலை இருந்தது, வீடு இருந்தது, போலீஸ் பயமும் இல்லை. அப்பாவுக்கு எழுந்து உட்காரக்கூடத் தெம்பில்லை. அப்போதும் யாருக்கு அம்மா பயந்தாய்?

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா போய்விட்டார். மகளைத் திருடி என்று நினைத்துக்கொண்டே போனார். அதை இனி யாராலும் மாற்ற முடியாது.

உன் வருஷத் திதிக்கு மாமாவையும் தெருக்காரர்களையும் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். உனக்குப் பிடித்த சுண்டவத்தக் குழம்பை நானே வைப்பேன். முதல் இலை உனக்குத்தான், அதில் குறை வைக்கமாட்டேன். படையல் முடிந்ததும், நீ அன்றைக்குக் கத்தினாயே, அதே சத்தத்தில் நடந்ததை எல்லார் முன்னாலும் சொல்வேன். முதலில் அப்பா படத்தைப் பார்த்துத்தான் சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. நீ அங்கே அவர் பக்கத்தில் இருந்தால், எனக்கு முன்னால் நீயே சொல்லிவிடு அம்மா.

ஐந்து ரூபாய் மட்டும் எடுத்த உன் மகள்,
ஆவுடை