தட்டில் விட்ட ஒரு துண்டு ரொட்டி

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அப்படியே இருக்க வேண்டும். எதையாவது விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் முதலில் வரிசை போட்டுக்கொள்கிறேன்.

1. பிஸ்கட் டப்பா பிடிபட்டது.
2. உன் பழக்கத்துக்கு முழுக் காரணம் நான் ஒருவனே.
3. இன்று காலை நடந்துகொண்டிருக்கும் சோதனை.

நூலக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் அகராதிகளுக்குப் பின்னால் ஒரு டப்பா பிஸ்கட் ஒளித்து வைத்து வந்தேன், தின்பதற்கல்ல, இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்கு. போன வாரம் எறும்புகள் காட்டிக் கொடுத்துவிட்டன. எறும்புக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல, நல்ல குடித்தனம் என்றாள் அம்மா. எங்களைப் பார்க்கும் டாக்டரம்மாவிடமும் போட்டுக் கொடுத்தாள். நீயோ போன கடிதத்தில், குட்டி மிச்சம் வைப்பதையெல்லாம் பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வதாகவும், பிறகு உன்னையே திட்டிக்கொண்டு இரண்டு வேளை பட்டினி கிடப்பதாகவும், கண்ணாடிப் பக்கமே போவதில்லை என்றும், குட்டியும் இதைப் பார்த்துப் பழகிவிடுவாளோ என்று பயமாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறாய். சிறு வயதில் உடன்பிறந்த எங்கள் ஐந்து பேருக்கும் ஒரே பாத்திரம், கை மெதுவானவனுக்கு அதன் அடி மட்டும். அந்த அவசரம் இன்னும் என்னை விடவில்லை. வயிறு வலிக்குதுப்பா என்று நீ சொன்ன அன்றும் தட்டு காலியாகும்வரை உன்னை எழுந்திருக்க விடவில்லை. அம்மா நிறைந்த வீட்டில் வளர்ந்தவள், அவளுக்கு இதில் பங்கில்லை.

வேளைக்கு ஒரு வாய் மிச்சம் வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. ஒரு துண்டு ரொட்டியை விட்டுவிட்டு, அதைப் பார்த்தபடியேதான் இதை எழுதுகிறேன். இரண்டு முறை கை போயிற்று, பேனா பிடித்திருந்ததால் தப்பித்தேன். பேனாவுக்கு மை ஊற்ற எழுந்து போய்த் திரும்பினால் தட்டு காலி. சத்தியமாக நானில்லை. அம்மா ஜன்னலைப் பார்த்தபடி மென்றுகொண்டிருந்தாள். கேட்டதற்கு, எங்க வீட்ல மட்டும் கொட்டியா கிடந்துது, பசின்னு வெளிய சொல்லக் கூடாதுன்னு எங்கப்பா உத்தரவு, அப்புறம் உங்ககிட்ட சொல்லவும் வெக்கமா இருந்துது என்றாள். நாற்பத்தொரு வருஷம் கழித்துச் சொல்கிறாள். நாளை முதல் ஆளுக்கொரு துண்டு விட்டு, ஒருவரையொருவர் காவல் காப்பதாக ஏற்பாடு.

குட்டி மிச்சம் வைத்தால் வைக்கட்டும். நீ உனக்கென்று தட்டில் போட்டு உட்கார்ந்து சாப்பிடு, பட்டினி மட்டும் கிடக்காதே, மறந்துவிடாதே. மூவரும் வயிறும் மனசும் குளிர்ந்து இருக்க எங்கள் ஆசி. மேலே இரண்டாவதாக எழுதியது தவறு. ஒருவனே என்பதை அடித்து, நாங்கள் இருவரும் என்று திருத்திப் படி. அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று, தன் பங்கை விடாமல் கேட்டு வாங்குகிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா