அவன் ஏன் சுடவில்லை

சினிமாக் கொட்டகை வண்டி இன்று காலை நம் தெருவுக்கு வந்தது. ஒற்றைமாட்டு வண்டி, இரண்டு பக்கமும் தட்டியில் ஒட்டிய படம், முன்னால் தமுக்கு. ஒருவன் நோட்டீசுகளை அள்ளி வீசிக்கொண்டே போனான். ஒன்று நான் தெளித்துவிட்டிருந்த வாசல் ஈரத்தில் விழுந்து ஒட்டிக்கொண்டது. தொப்பி வைத்த வெள்ளைக்காரன், கையில் துப்பாக்கி, பின்னால் ஒரு குதிரை. எடுத்தபோது பச்சை மை வாசம் அடித்தது. அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நீங்கள் கண்ணை மூடிய புரட்டாசியிலிருந்து இப்படித்தான் இருக்கிறேன். உலை வைக்கிறேன், வடிக்கிறேன், படுக்கிறேன். உள்ளே எதுவும் அசைவதில்லை. நாம் சேர்ந்து பார்த்த ஒரே படம்தான் நினைவுக்கு வந்தது. அதைப் பற்றி உங்களோடு பேச வேண்டும் போலிருந்தது.

நமக்குப் பிள்ளை இல்லை. உங்கள் தம்பி ராசுதான் பிள்ளை மாதிரி இருந்தான். நான் வாழ வந்தபோது அவன் அரைக்கால் டவுசர் போட்டுக்கொண்டு திரிந்தவன். சாப்பிடும்போது நான் எதிரில் உட்கார்ந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் பாதியில் எழுந்துவிடுவான். வளர்ந்து வயலைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கிய பிறகும் அப்படித்தான்.

மழை பொய்த்த அந்த வருடம் கண்மாயில் முழங்கால் தண்ணீர்தான் கிடந்தது. யார் வயலுக்கு முதலில் பாய்வது என்று மடையில் தகராறு. "நீ போகாத. காலையில நான் போயிப் பேசிக்கிறேன்" என்று ராசுவிடம் சொல்லிவிட்டு நம் கடைக்குப் போனீர்கள். அவன் கேட்கவில்லை. பக்கத்து வயல்காரன் அடைக்கலம் அங்கே நின்றான். ராசுவோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவன். வாய்ப்பேச்சு முற்றி அடைக்கலம் மண்வெட்டியை ஓங்கிவிட்டான். நாம் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது ராசுவுக்கு உயிர் இல்லை. அடைக்கலம் ஓடாமல் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தான்.

ஆத்திரத்தில் நடந்தது என்று சொல்லிக் கோர்ட்டில் சில வருடங்கள் போட்டார்கள். அவன் ஜெயிலில் இருந்தவரை ஊர் நம்மை விட்டுவைத்தது. வெளியே வந்தான் என்றதும் ஆரம்பித்தது. கீரனூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய நம் காப்பிக்கடைக்கு வருகிறவர்கள் உங்கள் முகத்தையே பார்ப்பார்கள். "என்னண்ணே, வந்துட்டானாமுல்ல?" என்பார்கள். "காப்பியா, டீயா?" என்பீர்கள். தட்டிக்குப் பின்னால் மாவரைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பேன். நீங்கள் கிளம்பி ஏதாவது செய்துவிடுவீர்களோ என்று ஒரு பயம். ஒன்றுமே செய்யாமல் இருக்கிறீர்களே என்று இன்னொரு பக்கம். எனக்கே என் மனம் பிடிபடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஊருக்கு வெளியே போட்டிருந்த டூரிங் டாக்கீஸில் அந்த இங்கிலீசுப் படம் வந்தது. கடையில் மூன்று வேளையும் அதே பேச்சு. திருச்சி பஸ் டிரைவர் மாணிக்கம் கதை சொல்வார். "நம்ம ஊரு மாதிரியே காஞ்ச பூமிண்ணே. தண்ணியில்ல, மரமில்ல. ஒருத்தன் தம்பியக் கொன்னுடுறாய்ங்க. கொன்னவனத் தேடி அண்ணங்காரன் குதிரையில அலையிறான். எத்தனை பேரு சாகுறாய்ங்க தெரியுமா! கடைசியில ஆளக் கண்டுபுடிச்சுர்றான். துப்பாக்கிய எடுத்து நீட்டுறான்..." அந்த இடத்தில் நீங்கள் டம்ளரோடு வெளியே வருவீர்கள். பேச்சு நின்றுபோகும்.

நாலைந்து தடவை இப்படி நடந்தது. ஒருநாள் சாயங்காலம் அடுப்பை அவித்துவிட்டு, "ஏ புள்ள, கெளம்பு. படத்துக்குப் போயிட்டு வருவோம்" என்றீர்கள். திருவிழாக் கூத்துக்குக்கூட நிற்காத மனுசன். "இங்கிலீசுப் படமாமுல்ல, நமக்கு என்ன வெளங்கும்?" என்று கேட்டேன். "என்னையப் பாத்ததும் எதைப் பேசாம நிறுத்துறாய்ங்கன்னு பாக்கணும்" என்றீர்கள்.

நான் பெண்கள் பக்கம் மணலில் உட்கார்ந்தேன். நடுவில் இடுப்பளவு மண்சுவர். அந்தப் பக்கம் உங்கள் தலையைத் தேடியபோது உங்களுக்கு நாலு வரிசை பின்னால் அடைக்கலம் உட்கார்ந்திருந்தான். இளைத்துக் கறுத்திருந்தான். அவன் கண் திரையில் இல்லை, உங்கள் முதுகில் இருந்தது. படம் ஓடியது. குண்டு வெடிக்கும் ஒவ்வொரு தடவையும் கொட்டகை விசிலடித்தது. நான் பாதி நேரம் மண்சுவருக்கு மேலாகவே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசிக் காட்சி இன்றும் கண்ணில் நிற்கிறது. கொன்றவன் ஒரு வேலியைக் கட்டிக்கொண்டிருக்கிறான். அண்ணன் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்கிறான். நெடுநேரம் நிற்கிறான். பிறகு கையை இறக்கிவிட்டுக் குதிரை ஏறிப் போய்விடுகிறான். அவ்வளவுதான், விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

கொட்டகையில் ஒரே கூச்சல். "ரீலை வெட்டிட்டான்டா!" என்றான் ஒருவன். "தோட்டா தீந்துபோச்சு" என்றான் இன்னொருவன். "பொட்டப் பய. இவனெல்லாம் ஒரு அண்ணனா?" என்று ஒரு குரல் வந்தது. அதைச் சொன்னவன் உங்களைப் பார்த்த பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

வெளியே வரும் வழியில் மூங்கில் கழியைப் பிடித்தபடி அடைக்கலம் நின்றான். கூட்டம் தானாக விலகியது. அவன் உங்களைப் பார்த்து, "அண்ணே, அவன் சுட்டுருக்கணும்ணே" என்றான். அதில் வீம்பு இல்லை. நீங்கள் அவன் முகத்தையே பார்த்தீர்கள். எதையோ சொல்ல வாயெடுத்தீர்கள். "வழிய விடுப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தீர்கள்.

வீட்டுக்கு வரும் வழியில், "படத்தப் பத்தி என்ன நெனைக்கிறீங்க?" என்று கேட்டேன். "மணல்ல ஒக்காந்து காலு மரத்துப்போச்சு" என்றீர்கள்.

மறுநாள் காலையில் கடை நிரம்பி வழிந்தது. எல்லோருக்கும் செய்தி போயிருந்தது. மாணிக்கம்தான் துணிந்து கேட்டார். "அண்ணே, நீங்களும் பாத்தீங்களாம். நீங்க சொல்லுங்க, அவன் ஏன் சுடல?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த புகையிலைக்கடை ராவுத்தர், "சும்மா இருங்க மாணிக்கம். காப்பியக் குடிங்க" என்றார்.

நீங்கள் டம்ளரைக் கீழே வைத்தீர்கள். "அவன் சுடப் போகல மாணிக்கம்" என்றீர்கள். "தம்பி சாகும்போது கூட இருந்த ஆளு அந்த ஒருத்தன்தானே? தம்பி என்ன சொன்னான், தண்ணி கேட்டானா, வலிக்குதுன்னானா, அதக் கேக்கத்தான் அம்புட்டுத் தூரம் போறான். கிட்டக்கப் போனதும் கேக்க வாய் வரல. திரும்பிட்டான்."

"அப்புடி ஒண்ணும் படத்துல வரலயேண்ணே."

"எனக்கு அப்புடித்தான் வெளங்குச்சு. ஒனக்குக் காப்பியா, டீயா?"

உளுந்த மாவில் கை வைத்தபடி தட்டிக்குப் பின்னால் நான் அப்படியே நின்றுவிட்டேன். ஒரே பாயில் படுத்து, ஒரே சட்டிச் சோற்றைத் தின்று, இத்தனை வருடம் நீங்கள் எதைச் சுமந்துகொண்டு திரிந்தீர்கள் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பேச்சு எப்படியோ அடைக்கலத்தின் காதுக்குப் போய்விட்டது. ஒரு மத்தியானம், பஸ் எதுவும் இல்லாத நேரம், அவன் கடை வாசலில் வந்து நின்றான். நான் உள்ளே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். நான் வீட்டுக்குப் போய்விட்டேன் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். துலக்குவதை நிறுத்திவிட்டேன்.

"உள்ள வா" என்றீர்கள். பெஞ்சு கிரீச்சிடும் சத்தம் கேட்டது.

"ஒடனே உயிரு போகலண்ணே" என்றான் அவன். "கொஞ்ச நேரம் நெனவு இருந்துச்சு. தலையில கைய வச்சுப் பாத்தான். அப்பறம் வேட்டியப் பாத்தான். நீங்க எடுத்துக் குடுத்த வேட்டியாம். ‘எல்லாம் ரத்தமாப் போச்சேடா, அண்ணன் வையும்டா’ன்னான்."

பஸ் ஸ்டாண்டில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். "அப்பறம்?" என்று கேட்டீர்கள்.

"அப்பறம் பேசல. அம்புட்டுத்தாண்ணே."

"சரி" என்றீர்கள். அவன் போகும் செருப்புச் சத்தம் கேட்டது. நீங்கள் அழவில்லை. எனக்கும் வரவில்லை. நான் பின்பக்கமாகவே வீட்டுக்கு வந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் நீங்களும் வந்தீர்கள். கடையைப் பட்டப்பகலில் சாத்திவிட்டு, கண்மாய்க்குப் போய்த் தலைமுழுகி, ஈரவேட்டியோடு வாசலில் நின்றீர்கள். சாவுச் செய்தி அன்றைக்குத்தான் வந்ததுபோல. "சோறு போடு" என்றீர்கள். போட்டேன், எதிரில் உட்கார்ந்தேன். முழுவதும் சாப்பிட்டீர்கள்.

அதன் பிறகு அதைப் பற்றி நாம் பேசிக்கொண்டதே இல்லை. ஊர் உங்களைக் கோழை என்றது, பெரிய மனுசன் என்றது, கொஞ்ச நாளில் மறந்தும் போனது. நான் கேட்டுக்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்போது சொல்லிவிட்டேன்.

உங்கள் காரியத்துக்கு அடைக்கலம் வந்திருந்தான். தலை நரைத்துவிட்டது. ஆண்களோடு சேராமல் ஓரமாக நின்றான். "இவனுக்கு இங்க என்ன சோலி? போகச் சொல்லுங்க" என்று என் அண்ணன் எழுந்தார். "இருக்கட்டும்ணே" என்று சொல்லிவிட்டு நான்தான் எழுந்து போனேன். அவன் முகத்தைப் பார்த்தேன். கோபம் வருகிறதா என்று பார்த்தேன், வரவில்லை. இரக்கமும் வரவில்லை. "சாப்பிட்டுட்டுப் போங்க" என்றேன். தலையை ஆட்டினான். பந்தியின் கடைசி இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனான். ஊர் அதற்கும் ஏதாவது சொல்லியிருக்கும். நான் காதில் வாங்கவில்லை.

ராசுவின் குரலில் அந்தச் சொல் எனக்கு அடிக்கடி கேட்கிறது. உலை கொதிக்கும்போது, கிணற்றில் வாளியை இறக்கும்போது. ‘அண்ணன் வையும்டா.’ அது தெரிந்தவர்கள் மூன்று பேர் இருந்தோம். நீங்கள் போய்விட்டீர்கள். இனி அந்தச் சொல்லை நானும் அடைக்கலமும்தான் வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.