முட்டைப்பழ மரமும் என் விண்ணப்பமும்

ஜனவரி 5, ஞாயிறு
எங்கள் ஃபேக்டரி குவார்ட்டர்ஸின் பின் வரிசையில் பதினான்காம் எண் வீடு இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. அதன் மதிலுக்கு மேலே மஞ்சளாக ஏதோ தொங்குவதை இன்றுதான் கவனித்தேன். மாம்பழம் இல்லை. நுனி கூராக இருக்கிறது. பள்ளி நூலகப் புத்தகத்தில் படமே பார்த்திருக்கிறேன்: முட்டைப்பழம்! ஆவடியில்!

என் தோழி சபீனாவை இழுத்துக்கொண்டு போய், எட்டிய கிளையில் ஒன்றைப் பறித்து அங்கேயே கடித்தேன். உதடு ஒட்டிக்கொண்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சபீனா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்தேவிட்டாள். "கோந்து தின்ன பூனை மாரி கீறடி!" வீட்டுக்கு ஓடி, தேங்காய் எண்ணெய் தேய்த்துத்தான் வாயைத் திறக்க முடிந்தது.

பிறகு புத்தகத்தைப் பார்த்தேன். பெயருக்கு அடுத்த வரியிலேயே இருக்கிறது: "பறித்தபின் சில நாள் வைத்து, நன்றாக இளகியபின் உண்ண வேண்டும்." நான் பெயரோடு நிறுத்திவிட்டேன். இதில் எனக்கு 'வகுப்பின் சிறந்த வாசகி' பட்டம் வேறு.

ஜனவரி 9
பறித்து வந்து அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்த நான்கு பழங்களும் இளகிவிட்டன. தோல் தானாக வெடித்திருந்தது. உள்ளே அவித்த முட்டையின் மஞ்சள் கருதான். அதே நிறம், அதே மாவு மாவான தன்மை. ருசி... சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பால்கோவாவில் பிசைந்தது போல. தொண்டையில் அடைக்கிறது, தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட வேண்டும். சபீனா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றரைப் பழம் சாப்பிட்டாள். "இன்னும் கீதா?" என்று மட்டும் கேட்டாள்.

அம்மா: "அரிசி ஏன்டி இனிப்பா வாசம் அடிக்குது?"

ஜனவரி 12
யாரிடமும் சொல்வதில்லை என்று இருவரும் சத்தியம் செய்தோம்.

ஜனவரி 18
சத்தியம் ஆறு நாள் தாங்கியது.

பள்ளிக் கடிதப் போட்டியில் முதல் பரிசு வாங்கியதிலிருந்து கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. குவார்ட்டர்ஸ் வீடுகளைக் கவனிக்கும் எஸ்டேட் ஆபீசுக்கு இரண்டு பக்க விண்ணப்பம் எழுதினேன். "பொருள்: பின் வரிசையிலுள்ள அரிய மரத்துக்குப் பெயர்ப்பலகை வைத்தல் தொடர்பாக." மரத்தை மட்டும்தானே சொன்னேன், பழம் தின்பதைச் சொல்லவில்லையே என்று எனக்கு நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன். அப்பா படித்துவிட்டு, "தலைப்பு நல்லா இருக்கு" என்று வாங்கிப் போய்க் கொடுத்துவிட்டார்.

ஜனவரி 23
வந்தார்கள்! எஸ்டேட் ஆபீஸ் சூப்பர்வைசர் திருமுருகன் சாரும் இன்னும் இரண்டு பேரும். நான் தலை வாரிக்கொண்டு மரத்தடியில் நின்றேன். அவர் மரத்தை நிமிர்ந்தே பார்க்கவில்லை. வீட்டைத்தான் பார்த்தார்.

"இந்த வீடு காலியாவா கெடக்கு? நம்ம லிஸ்ட்லயே இல்லையேய்யா!"

வெள்ளையடித்து உடனே யாருக்காவது கொடுக்கப் போகிறார்களாம். மரம்? "வர்றவங்க வேணாம்னு சொன்னா வெட்டிடலாம்." போகும்போது என் தலையில் தட்டி, "உன்னாலதாம்மா தெரிஞ்சுது" என்றார். நன்றி சார்.

ஜனவரி 24
சபீனா பேசவில்லை.

பிப்ரவரி 5
பதினான்கில் குடி வந்துவிட்டார்கள். வேலுசாமி மாமா ஃபிட்டர். மனைவி பஞ்சவர்ணம் அத்தைக்கு விருதுநகர்ப் பக்கம். நேற்று அவரும் ஒரு காயைப் பறித்துக் கடித்திருப்பார் போல, "கருமம், கருமம்!" என்று குழாயடி வரை கேட்டது. பழுத்து விழுவதை அழுகல் என்று நினைத்து, பெருக்கி அள்ளி மதிலுக்கு வெளியே கொட்டுகிறார்.

மதிலுக்கு வெளியே நாங்கள் நிற்கிறோம்.

இன்று ஆறு பழம். சபீனா இரண்டு வாரம் கழித்துப் பேசிய முதல் வாக்கியம்: "கம்முனு இரு. இந்த தபா லெட்டர் எழுதுன, கைய ஒடிச்சுடுவேன்."

பிப்ரவரி 8
மரத்தை வெட்டச் சொல்லிவிட்டார் அத்தை. குப்பை, ஈ, பிசின், ஒரு பிரயோஜனமும் இல்லை என்று. மரம் வெட்டும் பாபு அண்ணன் வந்து அளவு பார்த்துவிட்டுப் போனார். நான் முகத்தைத் தூக்கி வைத்திருந்ததைப் பார்த்து, "இன்னா பாப்பா, மரம் உன் ஊட்டுதா?" என்றார். திங்கட்கிழமை வெட்டு.

எப்படிச் சாப்பிடுவதென்று அத்தைக்குச் சொல்லிவிட்டால் மரம் பிழைக்கும். ஆனால் அப்புறம் ஒரு பழம்கூட வெளியே வராது. சொல்லாவிட்டால் மரமே இருக்காது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒரு மணி நேரம் யோசித்தேன். அற்பப் பிறவி நான்.

பிப்ரவரி 9, ஞாயிறு
தட்டில் இரண்டு பழத்தோடு போனேன். சபீனா கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள்.

"இது மத்திய அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட..." என்று ஆரம்பித்தேன்.

"ஏ புள்ள, பாடம் ஒப்பிக்க வந்தியா?"

"இல்லத்த... சாப்பிட்டுப் பாருங்க. ப்ளீஸ்."

மோந்து பார்த்து, சுண்டுவிரல் நகமளவு கிள்ளி வாயில் போட்டார். முகம் மாறவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார். துப்பப் போகிறார் என்று நினைத்தேன். சொம்பில் தண்ணீரோடு வந்து உட்கார்ந்து, முழுசாகத் தின்றார். இரண்டாவதையும்.

"இதையா அள்ளிக் கொட்டுனேன்!"

அப்புறம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆமா... இது உனக்கு ஏது?"

நான் மதிலைப் பார்த்தேன். அவரும் மதிலைப் பார்த்தார்.

பிப்ரவரி 10
பாபு அண்ணன் கயிறும் அரிவாளுமாக வந்தார். அத்தை கேட்டிலேயே மறித்துவிட்டாராம். வெறுங்கையோடு அனுப்பக்கூடாதென்று ஒரு பழம் கொடுத்தாராம். பழுத்ததா என்று நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு
மரத்தடியில் நான்கு பக்கமும் பழைய சேலைகளை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள், பழம் தரையில் விழாமல் இருக்க. காலையிலிருந்து அத்தையின் தங்கை பாடியிலிருந்தும் நாத்தனார் அம்பத்தூரிலிருந்தும் வந்து ஆளுக்கொரு பையோடு போகிறார்கள். மதிலுக்கு வெளியே வெறும் இலை.

நாங்கள் சும்மா அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தோம். நான்காவது தடவை நடந்தபோது அத்தை கூப்பிட்டார். "ஏ புள்ளைகளா, வாசல் வழியா வாங்க." ஒரு பழம் கொடுத்தார். ஒன்றே ஒன்று.

படியில் உட்கார்ந்து பிட்டேன். கோணலாகப் பிட்டுக்கொண்டது. சபீனா பெரிய பாதியை எடுத்துக்கொண்டாள். சின்னது எனக்கு.