மஞ்சள் நாடா கட்டிய கேன்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா சொல்ல, சின்னவள் எழுதுவது. இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதையே நலம் என்று வைத்துக்கொள். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்குவதாக நானாக நம்பிக்கொண்டிருக்கிறேன். என் கண்ணாடியின் ஒரு கால் உடைந்துவிட்டது, நூலைச் சுற்றிக் காதில் மாட்டினால் நாலு வரிக்குள் மூக்குக்கு இறங்கிவிடுகிறது, அதனால்தான் பேனாவை இவளிடம் கொடுத்தேன். நான் பேசுகிறபடியே எழுதடி என்றால், எழுத்து என்றால் எழுத்து மாதிரிதான் இருக்க வேண்டும் என்கிறாள். எப்படியோ விஷயம் உனக்கு வந்து சேர்ந்தால் சரி. போனில் சொல்ல வழியில்லை, அப்பா எந்நேரமும் வீட்டிலேயே இருக்கிறார். இப்போதுதான் முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார், அவர் வருவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும்.

அப்பா ஆஸ்பத்திரித் தோட்டத்துக்குக் கடைசியாகப் புல் வெட்டப் போய்ப் பதினெட்டு நாள் ஆகிறது. அன்று காலையில் வழக்கம் போல மெஷினில் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு போனார், பத்து நிமிஷம் ஓடியதாம், பிறகு வேறு மாதிரிக் கத்தி அப்படியே நின்றுவிட்டதாம், கயிற்றை இழுத்தால் அசையவே இல்லையாம். பட்டறைக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு, பிஸ்டன் முழுக்கக் கோடு கோடாய்க் கீறியிருப்பதைக் காட்டி, "ஆயில் இல்லாம ஓடியிருக்குண்ணே. வேற யாராவது கொண்டுவந்தா திட்டுவேன், உங்களை என்ன சொல்றது?" என்றிருக்கிறார். அந்த மெஷினுக்கு எண்ணெய் ஊற்றத் தனி இடம் கிடையாது, பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போக வேண்டும், வெறும் பெட்ரோல் போனால் பிஸ்டன் உரசித் தீய்ந்துவிடும். இதெல்லாம் உனக்குத் தெரியும் என்று சொல்லியும் சின்னவள் எழுதுகிறாள், யார் படித்தாலும் புரிய வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்தவர் நேராகப் பின்கொட்டகைக்குப் போய் இரண்டு கேன்களையும் திறந்து பார்த்தார். ஸ்கூட்டருக்கு வைத்திருக்கும் வெறும் பெட்ரோல், நீ ஊருக்குக் கிளம்பும்போது எண்ணெய் கலந்ததற்கு அடையாளமாக உன் பழைய ஷூவின் மஞ்சள் நாடாவைக் கட்டிவிட்டுப் போனாயே, அந்தக் கேனில் இருந்தது. எண்ணெய் கலந்தது நாடா இல்லாத கேனில் இருந்தது. வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்தவர், "கேனை மாத்திக் கலந்திருக்கேன். எண்ணெய் கலந்தா நிறம் மாறுமே, அதைக்கூடப் பார்க்கலை. அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றார். பெரியப்பா கடைசியில் தன் வீட்டு வாசலிலேயே நின்று இது யார் வீடு என்று கேட்டது உனக்கு நினைவிருக்கும்.

அன்றிலிருந்து இந்த மனிதரோடு என்னால் முடியவில்லை. குழாயை மூடிவிட்டு வந்து உட்கார்ந்ததும் எழுந்து போய் மறுபடி மூடுகிறார். புறங்கையில் கிழமையை எழுதிக்கொள்கிறார். நேற்று என்ன சாப்பிட்டோம் என்று தானாகவே சொல்லிவிட்டு, சரியாகத்தான் சொன்னேனா என்று என் முகத்தைப் பார்க்கிறார். மெஷின் சரியாகி வந்துவிட்டது, ஆணியில் மாட்டியவர் அதன் பிறகு தொடவில்லை. இந்த மாதத்தோடு நின்றுகொள்கிறேன் என்று ஆஸ்பத்திரி மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டார், இருபத்தெட்டு வருஷ வேலை.

மெஷினை இப்போது இவள்தான் பார்த்துக்கொள்கிறாள். அதோடு வந்த புத்தகத்தைப் பாடப்புத்தகம் மாதிரி அடிக்கோடிட்டுப் படித்திருக்கிறாள். நிற்கிற மெஷினில் பழைய பெட்ரோல் இருந்தால் பிசுபிசுத்து அடைத்துக்கொள்ளும் என்று டேங்கைக் காலி செய்தாள், என்ஜின் சூடு வெளியேறும் இடுக்குகளில் அப்பியிருந்த புல்லைக் குச்சியால் சுரண்டினாள், பிளக்கைக் கழற்றிக் கரியைத் தேய்த்தாள். ஏர் ஃபில்டர் பஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசும்போது கதவோரம் நின்ற அப்பா பொறுக்க முடியாமல், முறுக்கிப் பிழியாதே, கிழிந்துவிடும், அமுக்கி எடு என்றார். அவ்வளவுதான், உடனே உள்ளே போய்விட்டார். மறக்காத மனிதர் மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இனி சொல்லப்போவதை இவளுக்கும் இன்றுதான் சொல்கிறேன். அவர் மாற்றிக் கலக்கவில்லை. மெஷின் நின்றதற்கு முந்தின நாள் கொட்டகையைக் கூட்டப் போனபோது உன் நாடா எண்ணெயும் அழுக்குமாகத் தொங்கியது, பார்க்க மனசு கேட்கவில்லை. அவிழ்த்துத் தோய்த்துக் காயவைத்தேன், கேன்களையும் துடைத்தேன், சாயங்காலம் எடுத்துக் கட்டினேன். எந்தக் கேனில் இருந்து அவிழ்த்தேன் என்று அப்போது யோசிக்கவே இல்லை. வாளியில் அவர் உட்கார்ந்த அன்றே சொல்லியிருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை, மறுநாள் இன்னும் கஷ்டமாயிற்று, அப்படியே பதினெட்டு நாள். அதனால் நீ ஒன்று செய்யேன், நாடாவை நீதான் முதலிலேயே தப்பாகக் கட்டிவிட்டதாக அப்பாவுக்கு ஒரு வரி எழுதிவிடு. நீ திட்டு வாங்கிப் பழகியவள்.

இனி இரண்டு நாள் கழித்து எழுதுவது. அன்று இந்த இடத்தில் உன் தங்கை பேனாவை மூடி வைத்துவிட்டாள். நீ போய் ஏழு மாதம் ஆகிறது, இத்தனை நாள் சரியாக ஓடிய மெஷினுக்கு அந்த நாடா எப்படித் தப்பாகும் என்று கேட்டாள். பிறகு, "அப்பா வந்ததும் நீயே சொல்லும்மா. அப்புறம்தான் மிச்சத்தை எழுதுவேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

அப்படியே அவர் வந்ததும் சொன்னேன். வெட்டிய முடி தோளில் ஒட்டியபடி நின்றே கேட்டார். "பதினெட்டு நாளா பார்த்துக்கிட்டா இருந்தே?" என்றார். அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை, உங்கம்மாகிட்ட தண்ணி கேளு என்று பக்கத்தில் இருக்கும் எனக்கு இவள் மூலம் தூது வந்தது. ஆனால் அன்று குழாயை ஒரே ஒரு தடவைதான் மூடினார்.

நேற்று மெஷினை ஆணியிலிருந்து இறக்கினார். இவள் மாட்டிய பிளக்கைக் கழற்றி, மெல்லிய தகட்டை இடைவெளியில் விட்டுப் பார்த்து, எதையும் மாற்றாமல் அப்படியே திரும்ப மாட்டினார். இவளுக்கு அது மெடல் வாங்கிய மாதிரி. திங்கட்கிழமை வருவதாக மேற்பார்வையாளரிடமும் சொல்லிவிட்டார். ஒரு கேனில் 'கலந்தது' என்று பெயிண்டால் பெரிதாக எழுதிவிட்டு, நாடாவை அவிழ்த்து என் மடியில் போட்டார். இதை நீயே வச்சுக்கோ, அதுக்குத்தானே தோய்ச்சே என்றார். இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை, பேசுவார். எனக்கு உடம்பெல்லாம் அசதியாக இருக்கிறது, இரண்டு நாள் தூங்கினால் தேவலை போலிருக்கிறது.

நீ நல்லபடியாக இரு, நினைத்தது கைகூடட்டும். அப்பாவுக்குப் போன் செய், இதெல்லாம் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளாதே. உன் நாடாவில் கண்ணாடியைக் கோத்துக் கழுத்தில் மாட்டியிருக்கிறேன், இனி மூக்கில் இறங்கினாலும் கீழே விழாது. இந்தக் கடிதத்தை அதைப் போட்டுக்கொண்டுதான் ஒரு தடவை படித்துப் பார்த்தேன், இவள் ஒன்றும் விடவில்லை.

உன் அம்மா